படிச்சிக் காட்டறேன், இருங்க

மாலையில் பேப்பர் பக்கம் முடிக்கிற நேரத்தில் அவளுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்காது. எத்தனை முறை போட்டாலும் கிடைக்காது. அந்தப் பக்கம் யாருக்காவது எதையாவது வாசித்துக்கொண்டிருப்பாள்.

நான் ஒரு நாளிதழின் புறநகர் இணைப்பில் துணையாசிரியையாக இருந்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் செய்தியெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அவள் ஆவடியின் பகுதிநேர நிருபர். பகுதிநேரம் என்பது சம்பளத்தில் மட்டும்தான். வேலை விடிந்ததிலிருந்து இருக்கும். மற்ற நிருபர்கள் செய்தியை எழுதி நேராக எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். இவள் மட்டும் அந்தச் செய்தியில் யார் பேசியிருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் போன் போடுவாள். "படிச்சிக் காட்டறேன், இருங்க" என்று ஆரம்பித்து, தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பாள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்கு வரும்.

எங்கள் தொழிலில் இது ஆகவே ஆகாத காரியம். அச்சாவதற்கு முன்னால் வெளியாளிடம் செய்தியைக் காட்டக்கூடாது என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். அவளிடமும் சொன்னோம். மண்டையை மண்டையை ஆட்டினாள். மறுநாள் மாலையும் லைன் பிஸி.

"ஏண்டி என் உயிரை வாங்கறே? குழாய் உடைஞ்ச செய்தி. அதை யாருக்குடி படிச்சிக் காட்டறே?" என்று ஒருநாள் கத்தினேன்.

"குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அக்கா. 'மூணு நாளா தண்ணி வரல'ன்னு சொன்னாரு. இப்போ 'ரெண்டு நாள்னு போடும்மா, மொத நாள் லேசா வந்துச்சு'ன்றாரு."

"தலையெழுத்து" என்று சொல்லி ரெண்டு நாள் என்றே போட்டேன்.

அவள் வாசிப்பதை நேரில் பார்க்கவேண்டும். ஒரு காதில் போன், இன்னொரு காதில் விரல். ஆவடி ஸ்டேஷன் பக்கம் நின்றால் ரயில் சத்தம், அதனால் வந்த பழக்கம். ஏற்ற இறக்கமே இல்லாமல், ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற மாதிரி வாசிப்பாள். சாவுச் செய்தியானாலும் அதே குரல், பள்ளி ஆண்டு விழாவானாலும் அதே குரல். வாசித்து முடித்ததும் சும்மா இருப்பாள். "அப்போ அவங்க மூச்சு விடறது கேக்கும் அக்கா. பிடிக்கலன்னா அதுலயே தெரிஞ்சிடும்" என்பாள்.

இதனால் யார் என்ன சொன்னாலும் மாற்றிவிடுவாள் என்று நினைக்கவேண்டாம். அங்கேதான் அவள் அழுத்தக்காரி. ஒரு கவுன்சிலர் தன் வார்டில் குப்பை மலைபோல் கிடக்கிறது என்ற வரியை எடுக்கச் சொன்னார். "குப்பை கீது சார், நான் பாத்தேன். அத எடுக்க முடியாது. நீங்க பேசினது வேணாம்னா அத மட்டும் எடுத்துடறேன்" என்றாள். அவர் அவசரமாகத் தன் பேச்சு இருக்கட்டும் என்றார். கண்ணால் பார்த்தது அவளுடையது, வாயால் சொன்னது சொன்னவர்களுடையது. சொல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் செத்தாலும் சேர்க்கமாட்டாள். ஒருமுறை சரியென்று கேட்டுக்கொண்டதில் நான் ஒரு சொல்லை மாற்றினாலும் மறுநாள் சண்டைக்கு வருவாள். "கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னா அவங்க என்னப் பத்தி என்னான்னு நினைப்பாங்க?"

சங்கிலி பறித்து மாட்டியவனின் மனைவிக்குக்கூட வாசித்துக்காட்டினாள். ஆபீஸே சிரித்தது. அந்தப் பெண் "எம்புருஷன் பேரப் போடு, ஆனா எந்தத் தெருன்னு போடாத, பசங்க ஸ்கூலுக்குப் போவணும்" என்றாளாம். தெருப்பெயர் இல்லாமல்தான் வந்தது.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நீங்க ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க அக்கா. நான் இவங்கள தெனம் பாக்கணும். காய்கறிக் கடையில பாக்கணும், ரயில்ல பாக்கணும். பேப்பர் நாளைக்கு பஜ்ஜி மடிக்கப் போயிடும். அவங்க அதே தெருவுலதான இருக்கப்போறாங்க."

சீக்கிரம் அனுப்பித் தொலை என்றேன்.

அப்புறம் பயிற்சிப் பட்டறை வந்தது. எத்தனை பட்டறைகளைப் பார்த்தாயிற்று எனக்கு! தலைப்பு எழுதும் பட்டறை, கைப்பேசியில் படம் பிடிக்கும் பட்டறை, மன அழுத்தம் குறைக்கும் பட்டறை. எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைத்தாள், நாலு கலர் ஸ்கெட்ச் பேனா, நடுவில் காய்ந்துபோன சமோசா. இந்த முறை பேனரில் "உங்கள் குரலைக் கண்டடையுங்கள்" என்று இருந்தது. முகப்பேரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி ஹால். வார இறுதிகளில் வகுப்பு. ஒருங்கிணைப்பு, அதாவது சாப்பாட்டுப் பொட்டலமும் மைக்கும், என் தலையில் விழுந்தது. குரலைத் தேடிக்கொண்டிருக்கும்போது கீழே யாருக்கோ பல்லைக் குடைகிற சத்தம் விடாமல் வரும்.

இந்த முறை வேடிக்கை இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். புறநகர் இணைப்பை மூடப்போகிறார்கள். பகுதிநேர நிருபர்கள் அத்தனை பேரும் வெளியே. பட்டறையின் முடிவில் நல்ல கட்டுரை ஒன்று எழுதிக் கொடுக்கிறவர்களில் ஒரு சிலரை மட்டும் முழுநேரக் கட்டுரையாளர்களாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் கட்டுரை பெயரோடு வரும்.

அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். டீ இடைவேளையில் என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் ஃபேக்டரிக்குப் போறது வேலை அக்கா. நான் போறது சுத்திட்டு வர்றது. ஃபேக்டரி கோட்டர்ஸ்ல எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. 'ரிப்போர்ட்டர்ன்றா, பேரே வரமாட்டேங்குது'ன்றாங்க. எனக்கு இந்த வேலை வேணும். எப்படியாச்சும் வேணும்."

"அப்போ ஒழுங்கா எழுது. யாருக்கும் படிச்சிக் காட்டாதே" என்றேன்.

மண்டையை ஆட்டினாள்.

பயிற்சியாளர் கெட்ட பையன் இல்லை. என் மகன் வயது இருக்கும், கதர் ஜிப்பா, நாங்கள் எழுதுவதை உண்மையாகவே உட்கார்ந்து படிப்பான். முதல் நாள் அவள் எழுதியதைப் பார்த்துவிட்டு, "இதுல எல்லாரும் பேசறாங்க மேடம். நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டான்.

"நான் ஆவடியில சார்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் எங்களைக் குமணன்சாவடி சந்திப்பில் இறக்கிவிட்டு, யாராவது ஒருவரைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னான். வெயிலில் நின்று ஆளாளுக்கு ஒன்றை எழுதினோம். ஷேர் ஆட்டோக்காரரைப் பற்றி ஒருவர், வாழைப்பழ வண்டியைப் பற்றி ஒருவர். வேன் கிளம்பும்போது அவளைக் காணோம். பார்த்தால் பூக்காரம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

"கெயவின்னு போட்டுக்கிறியே, யாரு கெயவி?" என்று அந்த அம்மா எகிறுகிறாள். "எம்பொண்ணுக்கே இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. இன்னா எய்த்து எய்தறே நீ?"

"அடிச்சிட்டேன் ஆயா."

"பாரு, திரும்பியும் ஆயான்ற!"

வேனில் வந்து ஏறினபோது அவள் தாளில் பாதி அடித்திருந்தது. மிச்சம் இருந்தது சப்பென்று இருந்தது, உள்ளதைச் சொல்லவேண்டும். பயிற்சியாளன் பெருமூச்சு விட்டு, "எல்லாரையும் திருப்திப்படுத்தினா உங்க குரல் எப்படி வரும்?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இனி வருவதில் சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். இதில் வருகிற ஒரு அம்மாவின் புருஷன் இப்போது உயிரோடு இல்லை. யார், எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள்.

கடைசிக் கட்டுரைக்காக அவள் சென்னீர்குப்பத்தில் ஒரு அம்மாவைப் பார்த்துவந்தாள். அந்த அம்மாவின் ஒரே பையன் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும்போது லாரி அடித்துச் செத்துப்போனவன். அம்பத்தூரில் ஒரு கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் படுத்துக் கிடந்திருக்கிறான். அன்று காலை அம்மாவுக்கு ஆத்திரம் வந்து, "எங்கனா போய் ஒழி, என் கண்ணு முன்னால நிக்காத" என்று சொல்லியிருக்கிறாள். அவன் எழுந்து போனான். ரோட்டின் அந்தப் பக்கம் போவதற்குள் முடிந்துவிட்டது.

கட்டுரையைப் பயிற்சியாளன் வகுப்பில் வாசித்தான். அதே சாதாரண வார்த்தைகள்தான். "'எங்கனா போய் ஒழி' என்று தாய் கூறினார். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு அந்த ரோட்டைப் பற்றி, அதைக் கடக்கிறவர்களைப் பற்றி. இத்தனை வருஷம் இவள் செய்தியை நறுக்கியிருக்கிறேன், இப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.

"இதுதான் மேடம்" என்றான் பயிற்சியாளன். அவன் கண் கலங்கியிருந்தது. "உங்களை எடுக்காம யாரை எடுக்கப்போறாங்க?"

"சார், இன்னும் அவங்களுக்குப் படிச்சிக் காட்டல" என்றாள்.

வேண்டாம்டி என்று சொல்வதற்குள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து பேனாவை எடுத்து 'எங்கனா போய் ஒழி' வரியை அடித்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"'அத்த எய்திட்டியா, எடுத்துடும்மா. எங்கூட்டுக்காரருக்கு அது தெரியாது. தெரிஞ்சா அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. சும்மா என்னப் பாத்துகினே இருப்பாரு. அத்த என்னால தாங்க முடியாது'ன்னு அழுவறாங்க அக்கா."

பயிற்சியாளன் கெஞ்சினான். நானும் கெஞ்சினேன். பெயரை மாற்று, ஊரை மாற்று, நம் பேப்பரை அங்கே யார் வாங்குகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். "அவரு டீக்கடையில தெனம் படிப்பாரு அக்கா" என்றாள். அந்த வரி போனதும் கட்டுரை ஒரு விபத்துச் செய்தியாகிவிட்டது. அவளுக்கும் அது தெரிந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடைசி நாள் பொறுப்பாசிரியர் வந்தார். எல்லாருடைய கட்டுரையையும் படித்தார். அவளுடையதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது செய்தி. இதுல வேற ஒரு வரி இருந்துச்சாமே, தம்பி சொன்னார். அதோட குடுத்தா நீங்க உள்ள. அந்த அம்மாகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க" என்றார். அவரும் அவருக்குத் தெரிந்த அளவில் நல்லதுதான் செய்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவ கேக்கறேன் அக்கா. எனக்கும் வேணும்ல" என்றாள்.

மாடிப்படியில் நின்று போன் போட்டாள், நானும் பின்னாலேயே போனேன். கீழே பல் குடைகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தது ஆண்குரல்.

"யாரு?"

"ஆவடி ரிப்போர்ட்டர் அண்ணா. அக்கா இல்லீங்களா?"

"தண்ணி புடிக்கப் போய்க்கீது. நா அதும் ஊட்டுக்காரன்தான் பேசறேன். எம்புள்ளயப் பத்தி எய்தறியாமே? சொல்லிச்சு. எய்தினா படிச்சிக் காட்டுவியாமே?"

"ஆமா அண்ணா."

"எனக்கும் படி."

வை, வைத்துவிடு என்று நான் கையை ஆட்டினேன். அவள் கைப்பேசியில் டைப் செய்து வைத்திருந்த கட்டுரையைத் திறந்து, அந்த வரி இல்லாத கட்டுரையை, வாசிக்க ஆரம்பித்தாள். அதே ரேஷன் கடைக் குரல். பையன் கிளம்பிப் போகிற இடம் வந்தது, தாண்டியது.

"இரு இரு" என்றார் அவர். "அவன் கெளம்பசொல்ல அவங்கம்மா இன்னா சொன்னா? அத்த எய்தலியா நீ?"

அவள் நிறுத்தினாள்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேம்மா. வாயத் தொறக்க மாட்டேங்குது. பக்கத்தூட்ல இன்னான்னாவோ சொல்றானுங்க, சண்டைன்றானுங்க. உன்னாண்ட ஏதோ சொல்லிக்கீது. எனக்குத் தெரியணும். கடைசியா எம்புள்ள இன்னா கேட்டுகினு போனான்?"

அவள் முகத்தை நான் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அடுத்த வரியில இருக்கு அண்ணா. படிக்கறேன்" என்றாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், குரல் கொஞ்சமும் மாறாமல் வாசித்தாள். "'மத்தியானம் வந்துடு கண்ணு, மீன் வாங்கி வெக்கிறேன்' என்று தாய் கூறினார். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்."

அப்படி ஒரு வரி திரையில் இல்லை.

"மீனா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணா."

"வஞ்சிரம்னா உயிர விட்டுருவான்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அத்த அப்டியே போட்டுடும்மா. எட்த்துறாத. என்னைக்கு வரும்னு சொல்லு, பேப்பர வாங்கி வெச்சிக்கறேன்."

போனை வைத்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், இந்தக் கட்டுரைய நான் தரல" என்றாள் பொறுப்பாசிரியரிடம்.

அவருக்குப் புரியவில்லை. நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து, "மீன் வரி நல்லா இருக்கே, அதையே போடுங்க!" என்றார்.

"அது நான் சொன்னது சார். அவங்க சொல்லல."

"சரி, அந்த வரி இல்லாம செய்தியாவாவது போடலாம். உங்களுக்கு ஏதாவது பாக்கறேன்."

"அவரு அந்த வரியத் தேடுவாரு சார்."

"அப்போ பழைய வரி?"

அவள் அவர் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். ஹாலில் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளன் எழுந்து வந்தான். பாவம், கடைசி வரைக்கும் அவளை எப்படியாவது கரையேற்றப் பார்த்தவன் அவன்தான்.

"மேடம், இப்போ படிக்கட்டுல நடந்ததை எழுதுங்க. உங்க போன், அவர் கேட்டது, நீங்க சொன்னது. அதுல நீங்க இருக்கீங்க. அதுதான் உங்க குரல்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத யாருக்கு சார் படிச்சிக் காட்டறது?" என்று கேட்டாள்.

எடுத்துக்கொண்டவர்களின் பெயர்களை அன்று மாலையே சொல்லிவிட்டார்கள். அவள் பெயர் இல்லை. நானும் அவளும் முகப்பேர் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "உன்னை யாருடி ஹரிச்சந்திரியா இருக்கச் சொன்னது? பொய்தான் சொல்லிட்டியே, அதையே அச்சுல போட்டாத்தான் என்ன?" என்று திட்டினேன். அவள் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்க்க ஓவென்று அழுதாள். "எனக்கு அந்த வேலை வேணும்னு இருந்துச்சு அக்கா, ரொம்ப வேணும்னு இருந்துச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அவள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அந்த வார இறுதியில் அவளே போன் போட்டாள். வாசிக்க ஒன்றும் இல்லாததால் லைன் சும்மாதான் இருந்திருக்கும். கட்டுரை வராது என்று அந்த வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று சென்னீர்குப்பம் போயிருக்கிறாள். தனக்குப் பேப்பரில் இனி வேலை இல்லை, அதனால் வராது என்று இவள் சொன்னதற்கு அவர், "பரவால்லம்மா, நீ படிச்சத நா கேட்டுட்டேன்ல, போதும்" என்றாராம். சொல்லிவிட்டு, டீ எடுத்துக்கொண்டு வந்த பெண்டாட்டி பக்கம் திரும்பியிருக்கிறார்.

"மீனு வாங்கி வெக்கிறேன்னு அவனாண்ட சொன்னியாமே. எங்கிட்ட ஏன் இத்தினி நாளா சொல்லல?"

அந்த அம்மா டம்ளரோடு நின்று இவளைப் பார்த்தாளாம். இவளுக்கு உயிரே இல்லையாம். தலையைக் குனிந்துகொண்டாளாம். அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

"இன்னான்னு சொல்வேன் உன்னாண்ட? அந்த மீன ஆக்கவே இல்லியே."